ஞானம் டீச்சரின் பஸ்ஸும் நாகேஸ்வரனின் புத்தகமும்

மூன்றாவது முறையாக ஞானம் டீச்சர் ஓட்டிய பஸ் ஐம்பத்திரண்டு பயணிகளோடு ஆற்றுக்குள் இறங்கியது.

"ஐயையோ!" என்று அவள் பிரேக்கை அழுத்தினாள். பிரேக் என்பது லேப்டாப்பில் கீழ்நோக்கிய அம்புக்குறிப் பொத்தான். அதை அழுத்தி இரண்டு விநாடி கழித்துத்தான் திரையில் ஏதாவது அசைந்தது. அதற்குள் பஸ் பாலத்துக் கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு போய், தண்ணீருக்கடியில் முகப்பு விளக்கு எரிய நின்றுவிட்டது. பயணிகள் ஒருவரும் குறை சொல்லவில்லை. விளையாட்டில் அந்த ஒரு வசதி இருந்தது.

காதில் மாட்டியிருந்த போனில் மகள் அம்ருதா சிரித்தாள். புனேயில் வேலை பார்க்கிறவள். அதே விளையாட்டில், அதே பாதையில், அவளுடைய பஸ் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"நீ ஒழுங்காத்தாம்மா ஓட்டற. உன் லேப்டாப்புதான் திணறுது. கிராபிக்ஸ் பத்தல."

"அப்படின்னா?"

"படத்தை வரைஞ்சு காட்டற வேலை. அது மெதுவா நடக்குது. திருப்பத்தைத் தாண்டினப்புறம்தான் உனக்குத் திருப்பமே தெரியுது. அடுத்த ஞாயித்துக்கிழமை மலைப்பாதை வேற. நாப்பது கொண்டை ஊசி வளைவு. இதை வெச்சுக்கிட்டு உன்னால ஏற முடியாது."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை?"

"நான் ஃப்ரெண்ட்ஸோட ஓட்டிக்கறேன். நீ ரெஸ்ட் எடு."

ஞானத்துக்குப் பகீரென்றது. இந்த விளையாட்டு வருவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை போன் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. "சாப்டியா?" "சாப்டேன்." "அங்க மழையா?" "இல்ல." மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். பஸ் ஓட்ட ஆரம்பித்தபின்தான் இரண்டு மணி நேரம் ஆயிற்று. கண் சாலையில் இருக்கும்போது பிள்ளைகளுக்கு வாய் தானாகத் திறக்கிறது. ஆபீஸ் சண்டை, முதுகுவலி, கூட வேலை பார்க்கும் ஒருவனை ஏன் பிடிக்கிறது என்பது வரைக்கும் நாலாவது கியரில்தான் அம்ருதா சொல்லியிருந்தாள்.

குடவாசல் நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஞானம், அந்த நிமிஷமே முடிவு செய்தாள். கிராபிக்ஸை ஏற்றியே ஆகவேண்டும்.

சிக்கல் என்னவென்றால் லேப்டாப் அவளுடையது அல்ல. அவள் கணவர் நாகேஸ்வரனுடையது. அதற்குள் ஒரு புத்தகம் இருந்தது.

நாகேஸ்வரன் கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்து, உடம்பு சரியில்லை என்று சீக்கிரமே ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாகக் காவிரிக்கரைக் கோயில்களைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதிக்கொண்டிருந்தார். காலையில் காபி குடித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். காதில் பெரிய ஹெட்போன். கல்வெட்டு அறிஞர்களின் உரைகளைக் கேட்டபடி எழுதுவாராம். லேப்டாப்பில் அவருக்குத் தனிப் பக்கம், அதற்குக் கடவுச்சொல். ஞானத்துக்கு ஓரமாக வேறொரு பக்கம். மதியம் அவர் படுக்கும் நேரத்தில் மட்டும் அவள் அதைத் தொடலாம்.

இன்னும் பத்து நாளில் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம். பத்திரிகையே அடித்தாகிவிட்டது. முகூர்த்தம் முடிந்ததும் நூல் வெளியீடு, வெளியிடுபவர் முன்னாள் கல்லூரி முதல்வர் ரகுராமன் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. தஞ்சாவூர் அச்சகத்திலிருந்து தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரனுக்குப் பத்து நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கமில்லை.

"எழுதறவங்களுக்குத்தான் ஞானம் இந்த வேதனை தெரியும்" என்றார்.

அப்படிப்பட்ட மனிதரிடம் போய் எப்படிக் கேட்பது? அன்று சாயங்காலம் காபியை வைத்துவிட்டு, கதவோரமாக நின்று ஆரம்பித்தாள்.

"என்னங்க, இந்த லேப்டாப்புல கிராபிக்ஸைக் கொஞ்சம் ஏத்தணுமாம். அம்ருதா சொல்றா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அதுக்கு லேப்டாப்பைக் கழட்டணுமா?"

"கழட்ட வேண்டி வரலாம்."

"புத்தகத்துக்கு ஏதாவது ஆயிடுமா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, "தாராளமாப் பண்ணிக்க. கழட்டறதுன்னாலும் கழட்டு. நாளைக்குக் காலைல திருக்கடையூர் போறேன். மண்டபம், சமையல்காரர், எல்லாம் பேசி முடிச்சிட்டு வியாழக்கிழமை வந்துடுவேன். வந்ததும் அச்சகத்துக்கு அனுப்பிக்கலாம்" என்றார்.

ஞானத்தால் நம்ப முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் தன்னை இவ்வளவு நம்பி எதையும் ஒப்படைத்ததில்லை. ரேடியோவைக்கூடத் தொட விட்டதில்லை.

திங்கட்கிழமை காலை அவர் பஸ் ஏறியதும் அவள் வேலையைத் தொடங்கினாள். இணையத்தில் தேடியபோது ஒரு பச்சைப் பொத்தான் கண்ணில் பட்டது. கிராபிக்ஸை இலவசமாக இருமடங்காக்குங்கள் என்று அது மின்னி மின்னி அழைத்தது. அழுத்தினாள். ஏதோ இறங்கியது, திரை கறுத்தது, பிறகு வெளிச்சம் வந்தது. எல்லாம் தலைகீழாக.

திரையின் மேலே இருக்க வேண்டியது கீழே. எழுத்தெல்லாம் வௌவால் மாதிரி தொங்கியது. லேப்டாப்பையே திருப்பி வைத்துப் பார்த்தாள். படம் சரியாகத் தெரிந்தது, ஆனால் பொத்தான்கள் எதிர்ப்பக்கம் போய்விட்டன. அப்படியும் விடாமல், கையை லேப்டாப்புக்கு அந்தப்பக்கம் வளைத்துப் பஸ்ஸைக் கிளப்பினாள். பஸ் டிப்போச் சுவரில் போய் முட்டியது.

அம்ருதாவைக் கேட்கலாம். ஆனால் அவள் உடனே அப்பாவுக்குப் போன் போடுவாள். புத்தகம் இருக்கிற பெட்டியில் அம்மா என்ன செய்கிறாள் என்று ஊரே கூடிவிடும். வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை கோவிந்தராசுவைக் கூப்பிட்டாள். அடுத்த தெருவில் டிவியும் பம்புசெட் மோட்டாரும் பழுது பார்க்கிறவர். அவளிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர், இப்போது நாற்பத்தைந்து வயது. இன்னும் அவள் முன்னால் உட்கார மாட்டார்.

அவர் நின்றபடியே நாலு பொத்தானைத் தட்டி, தலைகீழை நேராக்கினார். ஞானம் கையெடுத்துக் கும்பிட்டாள். அதோடு விட்டிருக்கலாம்.

"அப்படியே கிராபிக்ஸையும் ஏத்திக் குடுத்துடு கோவிந்தராசு."

"லேப்டாப்புல கிராபிக்ஸைத் தனியா மாத்த முடியாதுங்க டீச்சர். உள்ள போர்டோட சேத்து ஒட்டிருப்பான். வேணும்னா மெமரி ஒண்ணு கூடப் போட்டுப் பாப்போம். மச்சானோட பழைய லேப்டாப்புல ஒண்ணு சும்மா கெடக்கு."

"புத்தகம் இருக்குப்பா உள்ள. சாரோட புத்தகம்."

"நான் புத்தகம் இருக்கிற பக்கமே போக மாட்டேங்க" என்று சத்தியம் செய்துவிட்டு, மோட்டார் கழற்றுகிற அதே கையால் லேப்டாப்பின் முதுகைக் கழற்றினார். பதினொரு திருகாணிகளைக் கழற்றினார். மூடும்போது எட்டு போட்டார். மீதி மூன்றையும், "இதெல்லாம் சும்மா அழகுக்கு வெச்சிருக்கான்" என்று அவள் உள்ளங்கையில் வைத்தார்.

லேப்டாப்பைப் போட்டதும் பஸ் பறந்தது. அடேயப்பா! ஆறு, பாலம், தென்னந்தோப்பு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. திருப்பம் வருவதற்கு முன்னாலேயே திருப்பம் தெரிந்தது. ஓரத்தில் போகும் ஆட்டுக்குட்டியின் காது அசைவதுகூடத் தெரிந்தது. "கோவிந்தராசு, நீ நல்லா இருப்ப!" என்று கத்தினாள். அவர் திருவாரூரில் ஒரு மோட்டார் வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிப் போனார்.

அந்தச் சந்தோஷம் பதினொரு நிமிஷம் நீடித்தது.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் கருகிய வாசனை வந்தது. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டோமா என்று ஞானம் எழுந்து போய்ப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. திரும்பி வந்தபோது லேப்டாப்பும் அணைந்திருந்தது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது.

உடனே போன் செய்தாள்.

"கோவிந்தராசு, சுடுதுப்பா! ஆஃப் ஆயிடுச்சு!"

"டீச்சர், உள்ள குட்டியா ஒரு ஃபேன் இருந்துச்சு. அதோட வயரைத் திரும்ப மாட்டினேனா இல்லையான்னு இப்பதான் ஒரு சந்தேகம் வருது."

"இப்ப நான் என்ன பண்றது?"

"சூடு ஆறட்டும். எதுவும் பண்ணாதீங்க. நான் வந்து பாக்கறேன்."

எதுவும் செய்யாமல் இருப்பதைத் தவிர ஞானத்தால் எதையும் செய்ய முடிந்திருக்கும். உள்ளே மூன்று வருஷப் புத்தகம் வெந்துகொண்டிருப்பதாக நினைத்தாள். கோயில் கோபுரங்கள் ஒவ்வொன்றாகக் கருகுகிற மாதிரி இருந்தது. லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அரைமணி நேரம் கழித்து எடுத்தபோது நன்றாகக் குளிர்ந்திருந்தது. வெளியே வைத்த இரண்டாவது நிமிஷம் உடம்பெல்லாம் முத்து முத்தாக வியர்த்தது. துடைத்தாள். மறுபடி வியர்த்தது. ஓரத்து ஓட்டையிலிருந்து ஒரு சொட்டு நீர் மேஜையில் விழுந்தது. அதைப் பார்த்து ஞானத்துக்கும் வியர்த்தது.

நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் ஈரம் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தாள். அரிசிக்கு இந்த வீட்டில் குறைவில்லை. பெரிய டிரம்மில் புது அறுவடை அரிசி ஒரு மூட்டை இருந்தது. லேப்டாப்பை அதற்குள் புதைத்து, மேலே மரக்காலால் அள்ளிப் போட்டு மூடினாள். புதுசாக அரைத்து வந்த அரிசியில் தவிடு இருக்கும் என்பது மூடிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலை எடுத்தபோது லேப்டாப் திருநீறு பூசிக்கொண்ட மாதிரி வெளுத்திருந்தது. ஆட்டினால் கலகலவென்று சத்தம் வந்தது. பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை, இன்னும் பலமாக. ஒன்றுமேயில்லை.

துணிப்பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினாள். டிரைவருக்குப் பின் இருக்கை. வழியெல்லாம் வயல் பச்சையாகக் கிடந்தது, அவள் எதையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு குலுக்கலிலும் பையிலிருந்து நாலு அரிசி கீழே விழுந்தது.

தஞ்சாவூர் கடையில் நிலோஃபர் என்று ஒரு பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும். லேப்டாப்பை வாங்கிச் சாய்த்தாள். மேஜையில் அரைப்படி அரிசி கொட்டியது.

"சமைக்கப் பாத்தீங்களா மேடம்?"

"காய வெச்சேம்மா."

"எப்படி நனைஞ்சுது?"

"ஃபிரிட்ஜுல வெச்சேன்."

நிலோஃபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். "மொதல்ல என்னதான் பிரச்சினை?"

"பஸ் ஆத்துல விழுந்துடுச்சு" என்று ஆரம்பித்தாள் ஞானம். பச்சைப் பொத்தான், மெமரி, ஃபேன் வயர், தயிர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டாள். "எனக்கு லேப்டாப் வேண்டாம்மா. கிராபிக்ஸும் வேண்டாம். பஸ்ஸை இனிமே தொடக்கூட மாட்டேன். உள்ள எங்க வீட்டுக்காரரோட புத்தகம் இருக்கு. மூணு வருஷ உழைப்பு. அதை மட்டும் எடுத்துக் குடுத்துடு. அடுத்த புதன்கிழமை திருக்கடையூர்ல அதுக்கு வெளியீடு."

"வேற எங்கயாவது காப்பி இருக்கா?"

"எழுத்தை அங்கங்க எறைச்சு வைக்கற பழக்கம் தனக்கில்லன்னு சொல்வாரு."

நிலோஃபரின் முகம் மாறியது. "இது ஒடனே ஆவற வேலை இல்லீங்க. தகவல் இருக்கிற பகுதியைத் தனியா எடுத்து, வேற மெஷின்ல போட்டுப் பாக்கணும். வந்தா வரும், உறுதியாச் சொல்ல முடியாது. எங்க அக்கா வீடு தரங்கம்பாடிதான். அடுத்த புதன்கிழமை அங்க போவேன். சரியாயிட்டா வழியில திருக்கடையூர்லயே உங்க கையில குடுத்துடறேன்."

வியாழக்கிழமை நாகேஸ்வரன் வந்தார். அவருக்குப் பிடித்த வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து வைத்திருந்தாள். முதல் கவளத்தை எடுப்பதற்கு முன்பே அவள் அழ ஆரம்பித்ததால், அவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு முழுக் கதையையும் கேட்டார்.

"அப்ப புத்தகம்?"

"தெரியலங்க. போயிருக்கும்னு பயமா இருக்கு."

"மொத்தமாவா?"

"மொத்தமாத்தான்."

நாகேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டார். இதயத்தைப் பிடித்துக்கொள்வார் என்று ஞானம் பயந்தாள். கண்ணைத் திறந்தபோது அவர் முகத்தில் ஒரு சாந்தம் இருந்தது.

"போனா போகட்டும் ஞானம்."

"என்னங்க!"

"இருக்கிறதும் போறதும் நம்ம கையிலயா இருக்கு? நீ வேணும்னா செஞ்ச? இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்து."

மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். மதியம் படுத்தவர் மாலை விளக்கேற்றும் வரை குறட்டை விட்டார். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, இப்படிப்பட்டவருக்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று தேம்பினாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

எழுந்ததும் அவரே எல்லோருக்கும் போன் செய்தார். அச்சகத்துக்கு, தம்பிக்கு, ரகுராமனுக்கு. "வீட்டுக்காரியைக் குறை சொல்லாதீங்க சார், பாவம்" என்று ஒவ்வொரு போனிலும் மறக்காமல் சொன்னார். ரகுராமன் நேரிலேயே வந்து துக்கம் கேட்டுவிட்டுப் போனார். போகும்போது ஞானத்தைப் பார்த்த பார்வையில் அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அந்தத் தஞ்சாவூர்ப் பொண்ணு எடுத்துத் தந்துடுவா. நான் தினமும் கேக்கறேன்" என்றாள் கணவரிடம்.

"வேண்டாம் வேண்டாம்" என்று அவர் அவசரமாகச் சொன்னார். "போனதைத் தோண்டக் கூடாது. அந்தக் கடைக்குப் போன் பண்றதை விட்டுடு."

ஞானம் விடவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்று, தினமும் நிலோஃபருக்குப் போன் செய்தாள். "பாத்துக்கிட்டிருக்கேன் டீச்சர்" என்பதே பதிலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அம்ருதா போன் செய்தாள்.

"சாப்டியாம்மா?"

"சாப்டேன்."

"அங்க மழையா?"

"இல்ல."

மூன்று நிமிஷத்தில் முடிந்தது.

புதன்கிழமை திருக்கடையூரில் கலசநீர் ஊற்றி, மாலை மாற்றி, நாகேஸ்வரன் மறுபடியும் அவளுக்குத் தாலி கட்டினார். குனிந்த தலையை ஞானம் நிமிர்த்தவில்லை. வெட்கம் என்று உறவுக்காரர்கள் நினைத்தார்கள். புனேயிலிருந்து வந்திருந்த அம்ருதா மட்டும் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு மண்டபத்தில், நூல் வெளியீட்டுக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில், வெளியிட நூல் இல்லாததால் ரகுராமன் மைக்கைப் பிடித்தார்.

"ஒரு ஞானக் களஞ்சியத்தை நாம் இழந்துவிட்டோம்! அதன் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை, இருந்தாலும் சொல்கிறேன், அப்படி ஒரு நூல் இனி வரப்போவதில்லை. அதை இழந்த பின்பும், அதற்குக் காரணமானவருக்கே இன்று மறுபடி மாலை சூட்டியிருக்கிறாரே, அந்த மனம் யாருக்கு வரும்?"

கூட்டம் கைதட்டியது. நாகேஸ்வரன் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டார். ஞானத்துக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அப்போதுதான் வாசலில் நிலோஃபர் தெரிந்தாள். கையில் லேப்டாப் பை. நேரே மேடையோரம் வந்து, "டீச்சர், எல்லாம் வந்துருச்சு! அப்படியே இருக்கு, ஒண்ணும் போகல" என்றாள்.

"எல்லாமா? நெஜமாவா?" ஞானம் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொங்கியது.

"ஆமாங்க. ஆனா ஒரு விஷயம், தனியா கொஞ்சம்..."

ரகுராமனின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது. "கிடைத்துவிட்டது!" என்று மைக்கில் முழங்கினார். "நூல் கிடைத்துவிட்டது! மீட்டெடுத்த பெண்மணி இதோ வந்திருக்கிறார்! மேடைக்கு வாங்கம்மா, வந்து உங்க வாயாலேயே சொல்லுங்க!"

கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. நாகேஸ்வரன் மட்டும் கைதட்டாமல் எழுந்து நின்றார். "சார், பந்திக்கு நேரமாச்சு, சாப்பாடு ஆறிடும்" என்றார். யார் காதிலும் விழவில்லை.

நாலு பேர் சேர்ந்து நிலோஃபரை மேடையேற்றினார்கள். ரகுராமன் மைக்கை அவள் கையில் திணித்தார். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், ஞானத்தைப் பார்த்தாள், தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. சார் பக்கத்துல எவ்வளவு தேடியும் புத்தகம்னு ஒரு வரிகூட இல்ல, மூணு வருஷமா கோட்டை கட்டற கேம் ஒண்ணுதான் எந்நேரமும் பின்னால ஓடிக்கிட்டே இருந்திருக்கு. அதை நிறுத்தினாலே டீச்சரோட பஸ் பறக்குது, கிராபிக்ஸ் எதுவும் ஏத்த வேண்டியதே இல்ல."